செராமிக் பல் கேப்: போடுவதற்கு முன்னும் பின்னும் நிறத்தைக் காப்பது எப்படி?

முன்பல்லில் கேப் போட்டவர்கள் சில வருஷம் கழித்து ஒரு புகாரோடு வருவார்கள். "போட்டப்ப நல்லா இருந்துச்சு, இப்பக் கலர் மாறிப்போச்சு." செராமிக் கட்டும் லேப் வேலையில் இருப்பவன் என்பதால் இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எழும் முதல் கேள்வி, மாறியது எது என்பதுதான். சூளையில் வெந்து வந்த நல்ல செராமிக்கின் உள்நிறம் வாய்க்குள் மஞ்சளாவதும் இல்லை, வெளுப்பதும் இல்லை. மாறுவதெல்லாம் அதைச் சுற்றி இருப்பவை. மேலே பூசிய பளபளப்பு தேயலாம். ஒட்டிய சிமென்ட் பழுப்பாகலாம். உள்ளே இருக்கும் பல் கறுக்கலாம், ஈறு மேலே ஏறலாம், பக்கத்துப் பற்களுக்கு வயதாகலாம்.

ஆகவே நிறத்தைக் காப்பது என்பது கேப் போட்ட பிறகு தொடங்கும் வேலை இல்லை. பாதிக்கு மேல் அதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. முதல் தடவையாகக் கேப்போ, பல்லின் முன்பக்கம் மட்டும் ஒட்டும் மெல்லிய ஓடான வெனீரோ போடப்போகிறவர்கள் எந்தெந்தக் கட்டத்தில் எதைக் கேட்க வேண்டும், எதைச் செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், நிறம் எங்கே இருக்கிறது?

செராமிக்குக்கு நிறம் தருவது சாயம் இல்லை, உலோக ஆக்சைடுகள். உதாரணமாக ஜிர்கோனியா என்ற உறுதியான செராமிக்கில் இரும்பு மஞ்சள் சாயலைத் தரும், எர்பியம் இளஞ்சிவப்புச் சாயலைத் தரும். இவை பொருளுக்குள்ளேயே சேர்ந்து, அதிக வெப்பத்தில் வெந்து இறுகிவிடுகின்றன. இ.மேக்ஸ் என்ற பெயரில் பலரும் கேள்விப்பட்டிருக்கும் லித்தியம் டைசிலிகேட் கட்டியை மெஷினில் கடையும்போது அது ஊதா கலந்த நீல நிறத்தில் இருக்கும். முதல் முறை பார்ப்பவர்கள் திகைத்துப் போவார்கள். சுமார் 840, 850 டிகிரி செல்சியஸில் வெந்து வெளியே வரும்போதுதான் பல்லின் நிறம் வருகிறது. ஜிர்கோனியா இன்னும் கடுமையான சூடு கேட்கும். சுண்ணாம்புக் கட்டி போல் மென்மையாக இருப்பதைக் கடைந்து, 1500 டிகிரி அளவில் வேகவைத்தால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிக் கெட்டியாகும். அந்தச் சூட்டைத் தாண்டி வந்த நிறத்தை ஒரு டம்ளர் காபி ஒன்றும் செய்துவிடாது.

பிசின் வகைப் பொருளான காம்போசிட்டின் கதை வேறு. அது வாயில் உள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். ஈரத்தோடு நிறமும் உள்ளே போகும். சாம்பார் வைத்த பிளாஸ்டிக் டப்பாவையும் பீங்கான் கிண்ணத்தையும் பக்கத்தில் வைத்துக் கழுவிப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி: எந்தப் பொருள்?

"செராமிக்" என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறோம். அதனால் கிளினிக்கில் பொருளின் பெயரைக் கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள்.

மெட்டல் செராமிக் என்றால் உள்ளே உலோக ஓடு, அதன்மேல் பீங்கான். விலை குறைவு, உறுதியானது, கடைவாய்ப் பல்லுக்கு இன்றும் நல்ல தேர்வு. முன்பல்லில்தான் சிக்கல். உலோகத்தின் கருமையை மறைக்க அடியில் ஒளிபுகாத வெள்ளைப் பூச்சு கொடுக்க வேண்டியிருப்பதால் பல் கொஞ்சம் உயிரில்லாமல் தெரியும். வருஷங்கள் போய் ஈறு ஒரு மில்லிமீட்டர் மேலே ஏறினால்கூட விளிம்பில் ஒரு சாம்பல் கோடு எட்டிப் பார்க்கும். "கேப் கறுத்துவிட்டது" என்று வருகிறவர்களில் பலருக்கு இருப்பது இந்தக் கோடுதான். பணக் கணக்கால் முன்பல்லுக்கும் இதையே போடுவது என்றால், வெளிப்பக்க விளிம்பை மட்டும் உலோகம் இல்லாமல் பீங்கானிலேயே முடிக்கச் சொல்லலாம். லேபில் இது கூடுதல் வேலைதான், ஆனால் முடியாத வேலை இல்லை.

ஜிர்கோனியாவிலும் இரண்டு மூன்று விதம் உண்டு. முழுக் கட்டியாகக் கடைந்து மேலே நிறம் தீட்டியது ஒன்று. உள்ளே ஜிர்கோனியா, வெளிப்பக்கம் பீங்கான் அடுக்கியது இன்னொன்று. கட்டியிலேயே மேலிருந்து கீழாகப் பல நிற அடுக்குகள் உள்ளதும் இப்போது பரவலாகக் கிடைக்கிறது. லித்தியம் டைசிலிகேட்டையும் இப்படி முழுக் கட்டியாகவோ, முன்பக்கம் சற்றுக் குறைத்துப் பீங்கான் அடுக்கியோ செய்யலாம்.

இந்த வித்தியாசம் நிறத்தின் ஆயுளை நேரடியாகத் தொடுகிறது. கேப்பின் நிறம் இரண்டு இடத்தில் இருக்கலாம், பொருளுக்குள் அல்லது மேற்பரப்பில். வெள்ளைக் கட்டியில் கடைந்து, ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று மேலே நிறம் தீட்டி, அதன்மேல் கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சு கொடுத்து வேகவைத்துவிட்டால், நிறம் முழுதும் அந்த மெல்லிய தோலில்தான் இருக்கிறது. தினமும் இரண்டு வேளை பிரஷ், மெல்லும்போது உராய்வு, பல்பொடி என்று அந்தத் தோல் வருஷக்கணக்கில் தேயும். தேய்ந்தால் அடியில் உள்ள அசல் வெளிர் நிறம் தெரிய ஆரம்பிக்கும். நிறம் உள்ளுக்குள் இருக்கும் கட்டியிலோ, அடுக்கிக் கட்டிய பீங்கானிலோ மேற்பரப்பு தேய்ந்தால் பளபளப்பு போகும், நிறம் அநேகமாக நிற்கும். கடைவாய்க்கு மேல்தீட்டு போதும். சிரிக்கும்போது தெரியும் ஆறு முன்பற்களுக்கு, உள்ளிருந்தே நிறம் வரும்படி செய்யச் சொல்லிக் கேளுங்கள். கூடச் செலவானாலும் அதற்குத் தகுந்த பலன் உண்டு என்பது என் உறுதியான கருத்து.

ஒரே உட்காரலில், லேபுக்கே அனுப்பாமல் வாயிலேயே வைத்து முடிக்கும் வெனீர் என்றால் அது பெரும்பாலும் காம்போசிட். அது கெட்ட பொருள் இல்லை. பல்லை அதிகம் தேய்க்க வேண்டியதில்லை, செலவும் குறைவு. ஆனால் சில வருஷத்தில் மங்கும், மறுபடி பாலிஷ் செய்ய வேண்டிவரும். செராமிக் என்று நினைத்துக்கொண்டு அதைப் போட்டுக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். கிளினிக்கிலேயே மெஷினில் கடைந்து அன்றைக்கே மாட்டும் செராமிக்கும் உண்டு என்பதால் நேரத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் பெயரைக் கேட்பதே சரி.

கேப்புக்கு முந்தைய வாரங்கள்

ஸ்கேலிங் என்ற பல் சுத்தம் செய்யாமல் ஷேட், அதாவது கேப்புக்கான நிறம், பார்க்க ஒத்துக்கொள்ளாதீர்கள். காரையும் டீக்கறையும் படிந்த பற்களுக்குப் பொருத்தமாகக் கேப் செய்துவிட்டு, அப்புறம் பற்களைச் சுத்தம் செய்தால் கேப் மட்டும் அழுக்காகத் தனித்து நிற்கும். முதலில் சுத்தம், ஈறு ஆறி நிலைக்கச் சில நாள், அதன்பிறகு ஷேட்.

பற்களை வெளுக்க வேண்டும் என்ற எண்ணம் மனதில் ஒரு மூலையில் இருந்தாலும் இப்போதே சொல்லிவிடுங்கள். பிளீச்சிங் மருந்து இயற்கைப் பல்லில்தான் வேலை செய்யும், செராமிக்கை வெளுக்காது. வெளுத்து முடித்த கையோடு ஷேட் எடுக்கவும் கூடாது. நிறம் கொஞ்சம் இறங்கி நிலைக்கும். தவிர, வெளுத்த பல்லில் தங்கும் ஆக்சிஜன் ஒட்டும் பசையின் பிடியைக் கெடுக்கும். இரண்டு வாரம் பொறுப்பது வழக்கம்.

உள்ளே இருக்கும் பல் எப்படி இருக்கிறது என்பது அடுத்த விஷயம். ரூட் கேனல் செய்த பல் நாளடைவில் சாம்பல் ஏறலாம். அதன்மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய செராமிக்கை வைத்தால் கருமை வெளியே கசிந்து தெரியும். வழி மூன்று. பல்லின் உள்ளேயே மருந்து வைத்து வெளுத்துக்கொள்வது முதல் வழி. உள்ளே தண்டு வைக்க வேண்டியிருந்தால் உலோகத்துக்குப் பதில் வெளிர்நிற ஃபைபர் தண்டு வைப்பது இன்னொன்று. மூன்றாவதாக, ஒளி அதிகம் ஊடுருவாத கட்டியைத் தேர்வது. எது பொருத்தம் என்று மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் "உள்ளே பல் கறுப்பா இருக்கே, வெளியே தெரியாதா?" என்ற கேள்வியைப் பல்லைத் தேய்ப்பதற்கு முன் கேட்பது உங்கள் வேலை.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வாசகர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த ஊர்களில் குழந்தைப் பருவத்தைக் கழித்தவர்களின் பற்களில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் எனாமலுக்குள்ளேயே இருக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தடுப்பும் சேர்ந்திருப்பது இதனால்தான். இந்தக் கறையை மறைக்க வெனீர் போடுகிறவர்கள் நிறைய. வெனீரின் தடிமன் பெரும்பாலும் அரை மில்லிமீட்டரைச் சுற்றித்தான். அவ்வளவு மெல்லிய செராமிக் அடர்ந்த பழுப்பை முழுதாக மறைக்காது. அதனால் கறையை முதலில் மருந்தாலோ மேற்பரப்பை லேசாகச் சுரண்டியோ குறைத்துவிட்டு வெனீருக்குப் போவது நல்லது. இந்த எனாமல் ஒட்டுவதற்கு முன் தடவும் அமிலத்துக்கு எளிதில் மசியாது என்பதால் ஒட்டும் வேலையிலும் கூடுதல் கவனம் வேண்டும். சிறுவயதில் டெட்ராசைக்ளின் மருந்து சாப்பிட்டதால் சாம்பல் பட்டைகள் விழுந்த பற்களுக்கும் இதே யோசனை பொருந்தும்.

ஷேட் பார்க்கும் நாள்

உட்கார்ந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை ஷேட் பார்ப்பதுதான். பல்லைத் தேய்த்த பிறகு, அளவெடுத்த பிறகு, கடைசியில் அவசரமாகப் பார்க்கக் கூடாது. வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் உலர்ந்து சில நிமிஷத்திலேயே வெளிறித் தெரியும். அந்த வெளிறலுக்குப் பொருத்தமாகக் கேப் செய்தால், மறுநாள் எச்சில் ஊறிப் பல் பழைய நிறத்துக்குத் திரும்பியதும் கேப் மட்டும் வெள்ளையாக நிற்கும். இது வாரத்துக்கு வாரம் லேபுக்குத் திரும்பி வரும் கேப்புகளின் கதை.

லிப்ஸ்டிக் வேண்டாம். பளீரென்ற சிவப்பு, மஞ்சள் உடையும் வேண்டாம், அல்லது சாம்பல் நிறத் துணியைக் கழுத்துக்குக் கீழே போர்த்திக்கொள்ளச் சொல்லலாம். நாற்காலிமேல் உள்ள பெரிய விளக்கை அணைத்துவிட்டு, பகல் நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்ப்பது உத்தமம். ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் கல்யாண மண்டபத்து விளக்கில் வேறாகத் தெரியலாம். அதனால் ஒரு தடவை பகலொளியிலும் ஒரு தடவை அறை விளக்கிலும் பார்ப்பது நல்லது. பல்லோடு ஒப்பிடும் ஒரே நிறமாதிரித் துண்டை முறைத்துக்கொண்டே இருந்தால் கண் சோர்ந்து வித்தியாசம் தெரியாமல் போகும். ஐந்தாறு விநாடி பார்த்துவிட்டுக் கண்ணை எடுங்கள்.

மருத்துவர் கையில் இருக்கும் வரிசைத் துண்டுகள் அநேகமாக வீட்டா ஷேட் கைடாக இருக்கும். ஜெர்மனியின் வீட்டா நிறுவனம் 1956இல் கொண்டுவந்த 16 நிறங்கள் இன்றும் உலகம் முழுக்க லேப்களின் பொது மொழி. ஏ என்றால் சிவப்பு கலந்த பழுப்பு, பி மஞ்சள் பக்கம், சி சாம்பல் பக்கம், டி சிவப்பு கலந்த சாம்பல். எண் கூடக்கூட நிறம் அடர்த்தியாகும். உங்கள் பல்லுக்கு ஏ2 என்று முடிவானால், அந்தத் துண்டைப் பல்லின் பக்கத்தில் அதே தளத்தில் பிடித்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். எண்ணைவிட அந்தப் படம் எங்களுக்கு நூறு மடங்கு உதவும். ஒரே பல்லில் கழுத்துப் பகுதி அடர்ந்தும் நுனி கண்ணாடி போலவும் இருக்கும். அதையெல்லாம் ஓர் எண் சொல்லாது.

லேபுக்கு வரும் சீட்டில் வழக்கமாக விட்டுப்போவது ஒன்று உண்டு. தேய்த்த பிறகு உள்ளே நிற்கும் பல்லின் நிறம். ஒளி ஊடுருவும் செராமிக்கில் அடிநிறமும் வெளிநிறத்தில் கலக்கும். அதைச் சொல்லாமல் ஏ2 என்று மட்டும் எழுதி அனுப்பினால், லேபில் வெள்ளை அச்சின்மேல் ஏ2வாகத் தெரிகிற கேப், வாயில் பழுப்புப் பல்லின்மேல் ஏ3 ஆகிவிடும். "உள்பல்லோட ஷேட்டையும் லேபுக்கு அனுப்புறீங்களா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். தவறாக நினைக்க மாட்டார்கள்.

இரண்டு எண்களுக்கு நடுவில் தடுமாறினால் வெளிர்ந்ததைத் தேர்வது எங்கள் வழக்கம். வெளிர்ந்த கேப்பில் நிறம் ஏற்றி அடர்த்தியாக்கலாம். அடர்ந்ததைப் பிரகாசமாக்க வழியே இல்லை. அதற்காகக் கைடிலேயே மிக வெள்ளையான துண்டைக் காட்டி "இதுதான் வேண்டும்" என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். வயது ஏற ஏற எனாமல் மெலிந்து, உள்ளே மஞ்சள் சாயல் கொண்ட டென்டின் தடித்து, இயற்கைப் பற்கள் அடர்ந்துகொண்டே போகும். கேப் நின்ற இடத்தில் நிற்கும். இன்றைக்கே ஒரு படி விலகி இருந்தால் வருஷங்கள் போகப்போக அந்த விலகல் இன்னும் கூடும்.

இங்கே ஒரு சின்னத் தகவல். இயற்கைப் பல் புறஊதா ஒளியில் நீலம் கலந்த வெள்ளையாக ஒளிரும். அதைப் பீங்கானிலும் கொண்டுவர ஒரு காலத்தில் யுரேனியம் கலந்தார்கள். 1980கள் வாக்கில் அது கைவிடப்பட்டு, இப்போது அரிய மண் தனிமங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. மேடை விளக்கில் அதிகம் நிற்கிற கலைஞர்கள், பாடகர்கள் இந்த ஒளிர்வு உள்ள செராமிக்கா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இல்லாவிட்டால் அந்த விளக்கில் கேப் மட்டும் இருண்டு தெரியும்.

ஒட்டுவதற்கு முன்

சிமென்ட் வைத்து இறுக்கிய பிறகு திரும்பி வர வழி இல்லை, வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஆகவே டிரையல் பார்க்கும் நேரத்தில் வெட்கம் வேண்டாம். கேப்பை மாட்டி, பற்களை ஈரப்படுத்தி, கைக்கண்ணாடியோடு வாசல் வரை போய் வெளிச்சத்தில் பாருங்கள். கூட வந்தவரைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். நிறத்தில் மனம் ஒப்பவில்லை என்றால் "பழகினா சரியாயிடும்" என்று தலையாட்டாமல் லேபுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லலாம். லேபில் இது தினம் நடக்கும் காரியம்.

வெனீருக்குச் சிமென்டின் நிறமும் முக்கியம். அதே நிறத்தில், தண்ணீரில் கழுவினால் போய்விடும் டிரையல் பேஸ்ட் கிடைக்கிறது. அதை வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் அசல் சிமென்டுக்குப் போகலாம். ரசாயனமும் ஒளியும் சேர்ந்து இறுகும் வகைச் சிமென்ட்களில் அமீன் என்ற பொருள் உள்ளவை வருஷங்கள் போகப்போக மஞ்சளாகும் இயல்புடையவை. தடித்த ஜிர்கோனியாவுக்கு அடியில் அது தெரியாது, மெல்லிய வெனீரில் தெரியும். அதனால் வெனீருக்கு ஒளியால் மட்டும் இறுகும் சிமென்டையோ அமீன் இல்லாததையோ தேர்வார்கள். உங்கள் மருத்துவர் எதைப் பயன்படுத்துகிறார் என்று கேட்டு வையுங்கள்.

ஒட்டிய பிறகு கடி சரிபார்த்து, உயரமான இடத்தைத் தேய்ப்பார்கள். தேய்த்த இடத்தில் கிளேஸ் போய்விட்டது என்று அர்த்தம். அதை ரப்பர் பாலிஷராலும் வைரத்தூள் பேஸ்டாலும் மறுபடி மெருகேற்றியாக வேண்டும். பரப்பின் கரடுமுரடு 0.2 மைக்ரானைத் தாண்டினால் பல்லழுக்கு அதிகம் ஒட்ட ஆரம்பிக்கும் என்பது நீண்ட காலமாக ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. அழுக்கு ஒட்டிய இடத்தில் காபியும் வெற்றிலையும் குடியேறும். வீட்டுக்குக் கிளம்பும் முன் நாக்கால் தடவிப் பாருங்கள். எங்காவது சொரசொரப்பு பட்டால் நாற்காலியை விட்டு எழ வேண்டாம், பாலிஷ் போடச் சொல்லுங்கள்.

வீட்டில்

காபி, டீயை விட வேண்டிய அவசியம் இல்லை. குடித்த பிறகு ஒரு வாய் தண்ணீர் கொப்பளித்தால் போதும். வெற்றிலை பாக்கு, புகையிலை கதை வேறு. கேப்பின் மேல் படியும் சிவப்புக் கறையைச் சுத்தம் செய்துவிடலாம், ஆனால் கேப்பும் பல்லும் சேரும் விளிம்பில் சிமென்டுக்குள் இறங்கிய கறையை எடுக்க முடியாது. புகையிலை ஈறையும் கெடுத்து விளிம்பை வெளியே காட்டிவிடும். நிறத்தைவிடப் பெரிய ஆபத்து அதில் உண்டு என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே.

கரிப்பொடி, உப்பு, செங்கல் பொடி, சொரசொரப்பான பல்பொடி எதுவும் வேண்டாம். "வெண்மையாக்கும்" என்று விற்கும் பேஸ்ட்களில் பல உராய்வு அதிகமுள்ளவை. அவை செராமிக்கை வெளுக்காது, கிளேஸைத்தான் தேய்க்கும். மென்மையான பிரஷ், சாதாரண ஃப்ளோரைடு பேஸ்ட், அழுத்தாத கை, இவை போதும். விளிம்பை நூலாலோ பற்களுக்கு இடையே நுழையும் சின்ன பிரஷாலோ தினமும் ஒரு தடவை சுத்தம் செய்வது எல்லாவற்றையும்விட முக்கியம். கேப்பில் கறை எப்போதும் விளிம்பில்தான் ஆரம்பிக்கும்.

மருந்துக் கடையில் வாங்கும் குளோர்ஹெக்சிடின் வாய் கொப்பளிப்பான் ஈறு வீக்கத்துக்கு நல்ல மருந்துதான். ஆனால் வாரக்கணக்கில் தொடர்ந்தால் பல்லிலும் கேப்பிலும் பழுப்புக் கறை படியும். மருத்துவர் சொன்ன நாட்களோடு நிறுத்திவிடுங்கள். திரவ இரும்புச்சத்து டானிக் குடிப்பவர்கள் ஸ்ட்ரா வைத்துக் குடித்துவிட்டு வாய் கொப்பளிக்கலாம்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று ஃப்ளோரைடு ஜெல். பல் சொத்தைக்குக் கிளினிக்கில் தட்டில் வைத்துக் கடிக்கக் கொடுக்கும் 1.23 சதவீத அமில வகை ஜெல் செராமிக்கின் கண்ணாடிப் பரப்பை அரித்து மங்கலாக்கும். கேப் இருப்பவர்களுக்கு அமிலம் இல்லாத சோடியம் ஃப்ளோரைடு போட வேண்டும். வேறு கிளினிக்குக்குப் போனால் இதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

அதுபோலவே ஸ்கேலிங்குக்கு உட்காரும்போதும் எந்தெந்தப் பல் செராமிக் என்று முதலிலேயே காட்டுங்கள். நன்றாகச் செய்த ஜிர்கோனியாவையும் இ.மேக்ஸையும் வெறும் கண்ணால் கண்டுபிடிப்பது சுலபம் இல்லை. அதிரும் உலோக நுனி விளிம்பில் பட்டால் கீறும், சில சமயம் சின்னச் சில்லு தெறிக்கும். சோடாப்பொடி பீய்ச்சும் பாலிஷும் கிளேஸைச் சொரசொரப்பாக்கும். கிளைசின் போன்ற மென்மையான பொடி, பிளாஸ்டிக் நுனி, மிருதுவான பேஸ்ட் என்று மாற்று வழிகள் இருக்கின்றன.

நிறம் மாறியதாகத் தோன்றினால்

பயந்து கேப்பை மாற்றக் கிளம்பும் முன் ஒரு சோதனை. ஷேட் எடுத்தபோது எந்த எண்ணோ அதே துண்டை இப்போது கேப்பின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் கேப் மாறவில்லை, உங்கள் மற்றப் பற்கள்தான் மாறியிருக்கின்றன. அப்போது அந்தப் பற்களைச் சுத்தம் செய்தோ, மருத்துவர் மேற்பார்வையில் வெளுத்தோ கேப்போடு ஒப்பவைக்கலாம். புதுக் கேப்புக்கான செலவு மிச்சம். நிற வித்தியாசத்தை அளக்கும் கருவியும் சில இடங்களில் உண்டு. டெல்டா ஈ என்ற அளவில் புதிய கணக்கீட்டு முறைப்படி 0.8 வந்தால் பார்ப்பவர்களில் பாதிப் பேருக்கு வித்தியாசம் தெரியும். 1.8 வரை வித்தியாசம் இருந்தாலும் பாதிப் பேர் அதை ஏற்றுக்கொள்வார்கள். அதாவது, எண்ணளவில் மாறியிருப்பதெல்லாம் கண்ணுக்கு உறுத்தும் மாற்றம் இல்லை.

துண்டு ஒத்துப்போகவில்லை என்றால் மாற்றம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கேப் முழுக்க மங்கி, நாக்குக்குச் சொரசொரப்பாக இருந்தால் கிளேஸ் தேய்ந்திருக்கிறது. வாயிலேயே பாலிஷ் செய்து பெரும்பகுதி பளபளப்பைத் திரும்பக் கொண்டுவரலாம். மறுபடி கிளேஸ் செய்வது சூளையில்தான் நடக்கும், வாயில் நடக்காது. ஈறோரம் பழுப்புக் கோடு மட்டும் என்றால் விளிம்புக் கறை. மேலோட்டமாக இருந்தால் பாலிஷில் போய்விடும். ஆனால் அந்த இடத்தில் கூச்சமோ, நூல் மாட்டிக் கிழிவதோ, வாடையோ இருந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். சிமென்ட் கரைந்து உள்ளே சொத்தை தொடங்கியிருக்கலாம். இதை நிறப் பிரச்சினை என்று நினைத்து மாதக்கணக்கில் தள்ளிப்போட்டுப் பல்லையே இழந்தவர்கள் உண்டு.

கோடு சாம்பல் நிறமாக, ஈறு மேலேறிய இடத்தில் தெரிந்தால் அது மெட்டல் செராமிக்கின் உலோக விளிம்பு. பல் ஆரோக்கியமாக இருந்தால் அவசரம் ஒன்றும் இல்லை. உதடு உயர்ந்து சிரிக்காதவர்களுக்கு அது வெளியிலேயே தெரியாது. கேப்பின் உள்ளிருந்து ஒரு கருமை பரவித் தெரிந்தால் உள்பல்லையோ சிமென்டையோ சந்தேகிக்க வேண்டும், எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். மாற்றுவது என்று முடிவானால், முன்பு சொன்ன எல்லாக் கேள்விகளையும் முதலிலிருந்து கேளுங்கள். இந்த முறை உள்பல்லின் நிறத்தைச் சீட்டில் எழுத மறக்கவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு காகித வேலை. கேப் ஒட்டிய அன்றைக்கே ஐந்து விவரங்களை வாங்கிப் போனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். ஷேட் எண், செராமிக்கின் பெயரும் வகையும், சிமென்டின் பெயரும் நிறமும், உள்பல்லின் ஷேட், ஷேட் துண்டோடு எடுத்த படம். ஜிர்கோனியாவுக்கு உத்தரவாத அட்டை கொடுத்தால் அதையும் சேர்த்து வையுங்கள். அந்த உத்தரவாதம் உடைவதற்கு மட்டுமா, நிறத்துக்கும் சேர்த்தா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். ஊர் மாறினாலும் மருத்துவர் மாறினாலும், பக்கத்துப் பல்லுக்கு இன்னொரு கேப் தேவைப்படும் நாளில், வேறொரு லேபில் உட்கார்ந்திருப்பவர் அந்த விவரங்களை வைத்து முதல் தடவையிலேயே நிறத்தைப் பிடித்துவிடுவார்.